சுவருக்குள் கசியும் தண்ணீரைத் தெர்மல் கேமரா காட்டுமா? குளியலறையை உடைக்கும் முன் ஒரு கேள்வி

தெப்பக்குளத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்திற்குக் கிழக்கே உள்ள எங்கள் வீடு 2011-இல் கட்டியது. கீழ்த்தளம், மேல்தளம், அதற்கு மேல் மொட்டைமாடி. கீழ்த்தளத்தில் என் தாயாரின் படுக்கையறைக்கும் அதனுடன் சேர்ந்த குளியலறைக்கும் இடையே உள்ள நாலரை அங்குலச் செங்கல் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொடங்கி நாலடி வரை ஓதம் பிடித்து, பெயின்ட் கொப்புளித்து, காரை பொரிந்து உதிர்கிறது. கடந்த ஐப்பசி மழையில்தான் முதலில் கண்ணில் பட்டது என்பதால் மழைநீர் என்றே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டோம். ஆனால் பெரிய மழை எதுவும் இல்லாத மாசியிலும் பங்குனியிலும் ஓதம் குறையவில்லை. இப்போது சித்திரைத் திருவிழாவும் முடிந்து வெயில் சுட்டெரிக்கும் வேளையில், கறை இன்னும் அரையடி ஏறியிருக்கிறது.

இரண்டு பேரை அழைத்துக் காட்டினோம். முதலில் வந்தவர், மேல்தளக் குளியலறையின் தாழ்த்தி வார்த்த தளத்தில் தண்ணீர் தேங்கிக் கீழே இறங்குகிறது என்றும், மேலும் கீழுமாக இரண்டு குளியலறைகளையும் முழுவதும் உடைத்துப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். இரண்டாமவர் ஒரு தெர்மல் கேமராவுடன் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தார். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏசிக்குக் கீழே ஒரு பெரிய நீலத் திட்டும், ஓதம் தெரியும் இடத்தில் இன்னொரு திட்டும் திரையில் தெரிந்தன. நீலம் உள்ள இடமெல்லாம் தண்ணீர் என்று சொல்லி, அவரும் உடைக்கவே வேண்டும் என்றார்.

என் தாயாருக்கு 76 வயது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. கைப்பிடிகள் பொருத்திய இந்தக் குளியலறை ஒன்றுதான் அவரால் பிறர் துணையின்றிப் பயன்படுத்த முடிந்தது. மூன்று வாரம் இதை மூடினால் அவர் மாடிப்படி ஏற வேண்டியிருக்கும் என்பதே எனக்குப் பெரிய கவலை. அந்தக் கேமராப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? உடைக்கும் முன் நாங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர், திருநகர்

ஐயா, வணக்கம். தாயாரின் நிலையைப் படித்ததும், உடைப்பதை இரண்டு வாரமேனும் தள்ளிப் போடுங்கள் என்பதைத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. இத்தனை மாதம் கசிந்த சுவர் இரண்டு வாரத்தில் விழுந்துவிடாது. தவறான இடத்தில் உடைத்த தளத்தை மீண்டும் பழையபடி ஆக்குவது கடினம்.

தெர்மல் கேமரா சுவருக்கு உள்ளே பார்ப்பதில்லை. எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அப்படியொரு கதிர் உண்டு என்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800-இலேயே கண்டறிந்துவிட்டார். கட்டடங்களைப் பார்க்க எடுத்துவரும் கேமராக்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைப் பெற்று, சுவரின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை நிறமாக வரைந்து காட்டுகின்றன. ஆகவே திரையில் நீங்கள் கண்டது குளிர்ச்சியை. அந்தக் குளிர்ச்சிக்குத் தண்ணீர் காரணமா, வேறு ஏதேனும் காரணமா என்பதைக் கேமராவால் சொல்ல முடியாது.

ஈரச்சுவர் குளிர்வது மண்பானை குளிர்வதைப் போன்றதே. உள்ளிருந்து ஊறிவரும் நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருக்கும் மதுரைக் கோடையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதே சுவரை ஐப்பசி அடைமழையில், காற்றே ஈரமாக இருக்கும் நாளில் படம் எடுத்தால் ஆவியாதல் குறைந்து, உண்மையான கசிவுகூட மங்கலாகிவிடும். அந்த வகையில் நீங்கள் தேர்ந்த மாதம் நல்ல மாதம்; நேரமும் சூழலும்தான் தவறாகிவிட்டன.

ஏசிக்குக் கீழே தெரிந்த நீலத் திட்டை நான் பெரிதும் சந்தேகிக்கிறேன். குளிர்ந்த காற்று இறங்கித் தடவும் சுவர் குளிராகத்தான் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதன்மேல் நீர்த்துளி படியும். ஏசியை 18 டிகிரியில் வைத்துப் பழகிய வீடுகளில், மெல்லிய சுவரின் மறுபக்கம் உள்ள குளியலறையில் இப்படிப் பனிப்பு உண்டாகி, குழாயே இல்லாத இடத்தில் கறை பிடிப்பதை நான் கண்டிருக்கிறேன். அங்கே தரையை எவ்வளவு உடைத்தாலும் கசிவு கிடைக்கப்போவதில்லை.

அடுத்து, நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான கேமராக்கள் காட்சியில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலைக்கு நீலத்தையும் மிகக் கூடியதற்குச் சிவப்பையும் தாமாகவே கொடுத்துவிடுகின்றன. சுவர் முழுவதும் ஒரு டிகிரிக்குள் இருந்தாலும் படம் அடர்நீலமும் செந்நிறமுமாக அச்சுறுத்தும். படத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் என்னவென்று அவரிடம் கேட்டுப் பெறுங்கள். தூணும் பீமும் செங்கல்லும் வெவ்வேறு வேகத்தில் சூடாவதால், பூச்சுக்குள் மறைந்த பீம்கூடப் பட்டையாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நீங்களே செய்யக்கூடியவை. இரவு படுக்கும் முன் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, காலையில் யாரும் தண்ணீரைத் தொடுமுன் மீண்டும் பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் ஏறத்தாழ 8 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். மட்டம் குறையவில்லை என்றால் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர்தான் ஆகும். ஓரிரவில் அது தொட்டியில் இரண்டு மில்லிமீட்டர்கூட இறங்காது. ஆனால் ஒரு சுவரைக் கெடுக்க அந்த நாலு லிட்டர் போதும்.

அதனால் அடுத்தபடி பிரஷர் டெஸ்ட் செய்தாக வேண்டும். ஹீட்டரைக் கழற்றிவிட்டு, வாய்களை அடைத்து, குளிர்நீர்க் குழாய் வரியிலும் வெந்நீர்க் குழாய் வரியிலும் தனித்தனியே கைப்பம்பால் நீரழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். மேல்தொட்டியிலிருந்து உங்கள் கீழ்த்தளக் குழாய்க்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்கூட வராது. சோதனைக்கு 4 கிலோ ஏற்றி இரண்டு மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் அந்த வரி கசிகிறது. இறங்கவில்லை என்றால் சந்தேகம் கழிவுநீர்க் குழாய்க்கும் தரைக்கும் போகிறது. அதற்குத் தரை வாயை அடைத்து, இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம்.

ஒலியைக் கேட்டுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் அழுத்தம் குறைவு, குழாயும் பிளாஸ்டிக். கசிவு எழுப்பும் ஓசை மிகக் குறைவு. எழுந்தாலும் பிளாஸ்டிக் அதை நன்றாகக் கடத்தாது. அதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

கேமராக்காரன், விளாங்குடி

தெர்மல் கேமரா வைத்து ஆறு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறேன். பொறியாளர் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. கேமராவைச் சரியாகப் பயன்படுத்தினால் உடைக்கும் பரப்பு எவ்வளவு சுருங்கும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்களைப் போன்ற வீட்டில் அதுதான் பெரிய உதவி.

முந்தைய நாள் நண்பகலிலேயே அந்த அறையின் ஏசியை நிறுத்திவிடுங்கள். அம்மாவை அன்றிரவு மட்டும் கூடத்தில் படுக்க வையுங்கள். காலை ஐந்து, ஐந்தரை மணிக்கு, வெயில் படுமுன், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு முதல் படம் எடுக்க வேண்டும். ஏசியால் உண்டான குளிர்ச்சி அதற்குள் பெரும்பாலும் கரைந்திருக்கும். ஈரத்தால் உண்டானது அப்படியே நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்துச் சுவரில் சாக்குக்கட்டியால் எல்லை வரைந்து, ஒவ்வொரு அரையடிக்கும் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் வைத்து அளந்து, எண்ணைச் சுவரிலேயே எழுதுவேன். ஈரமானி காட்டும் விழுக்காடு மரத்திற்காக அளவிடப்பட்டது. செங்கல்லுக்கும் காரைக்கும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வீட்டில் உலர்ந்த ஒரு சுவரை அளந்து, அதனுடன் ஒப்பிட்டே பேச வேண்டும். படத்தில் குளிர்ந்தும் ஊசியில் ஈரமாகவும் இருக்கும் இடத்தை மட்டுமே கசிவுக்குரிய இடமாக நான் எடுத்துக்கொள்வேன்.

பிரஷர் டெஸ்டில் வெந்நீர் வரி இறங்கினால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. குழாய் போகும் வழியையே சூடாக்கிப் பார்க்கலாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வெந்நீரை மெல்லிய தாரையாகத் திறந்துவிட்டு, படுக்கையறைப் பக்கமிருந்து ஐந்து நிமிடத்திற்கு ஒரு படம் எடுக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் காடி வெட்டிப் பதித்த குழாய்க்கும் மறுபக்கப் பூச்சுக்கும் இடையே தடிமன் குறைவு என்பதால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் குழாய் ஒரு கோடாக எழும். கசிவு இருக்கும் இடத்தில் அந்தக் கோடு கோடாக நிற்காமல், வெற்றிலை விரிந்ததைப் போல அகலும். ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் இது பெரும்பாலும் பலிக்காது. உங்கள் சுவர் மெல்லியதாக இருப்பது இந்த ஒரு காரியத்திற்கு நன்மை.

குளியலறைப் பக்கமிருந்து படம் எடுத்து யாராவது காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். பளபளப்பான டைல்ஸ் எதிரே நிற்பவரின் உடல் சூட்டையே திருப்பிக் காட்டும். எவர்சில்வர்க் குழாய் இன்னும் மோசம். கருவியின் தரமும் முக்கியம். கைப்பேசியில் மாட்டும் மலிவான கருவிகள் சிலவற்றில் 80-க்கு 60 புள்ளிகள்தான் உண்டு. மூன்று மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால், அதன் ஒரு புள்ளி சுவரில் மூன்றரை சென்டிமீட்டரை மூடிவிடும். அரை அங்குலக் குழாயை அதில் தேட முடியாது. 320-க்கு 240 புள்ளிகள் உள்ள கருவி அதே தூரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் பிரித்துக் காட்டும்.

நீலம் என்றால் தண்ணீர் என்று உங்களிடம் சொன்னவருக்காக இன்னொன்று. மொட்டைமாடியைப் பார்க்கும்போது கணக்கே தலைகீழாகிவிடும். நல்ல வெயிலடித்த நாளில், தட்டோட்டுக்கு அடியில் உள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையில் நீர் தேங்கியிருந்தால், அந்த நீர் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்த பகுதி விரைவாக ஆறிவிட, ஈரப்பகுதி மட்டும் சூடாக, செந்நிறத் திட்டாகத் தனித்துத் தெரியும். காயாத தரையில், மழை பெய்த மறுநாளே ஏறி எடுத்த படம் எதற்கும் உதவாது.

எல்லாம் செய்தும் இடம் பிடிபடவில்லை என்றால், 5 விழுக்காடு ஹைட்ரஜனும் 95 விழுக்காடு நைட்ரஜனும் கலந்த வாயுவைக் காலிக் குழாயில் ஏற்றி, அது வெளிவரும் இடத்தை உணர்கருவியால் தேடும் முறை உண்டு. அந்த விகிதத்தில் அது தீப்பிடிக்காது. ஆனால் உங்கள் வீட்டிற்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வடக்கு மாசி வீதி வாசகி

எங்களுடையது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடு. பக்கத்து வீட்டுடன் பொதுச் சுவர். இந்த இழையில் பேசப்படுவது புதிய வீட்டைப் பற்றியது என்றாலும், எங்கள் அனுபவத்தில் இரண்டு செய்திகள் பயன்படக்கூடும்.

எங்கள் கூடத்துச் சுவரில் ஈரமானி எந்த இடத்தில் வைத்தாலும் உச்சத்தையே காட்டியது. கசிவு மிகப் பெரியது என்று பயந்துபோனோம். பிறகு பார்க்க வந்த ஒருவர், பழைய சுவரில் படிந்திருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் ஊசி ஈரமானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் என்று விளக்கினார். தரையிலிருந்து ஏறிய ஓதம்தான் அது. ஏறத்தாழ மூன்றடி உயரத்தில், சுவர் நெடுகிலும் ஒரே மட்டமாக நின்றுவிட்டிருந்தது. முன்பு சிமென்ட் பூசி அடைத்ததால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறியிருக்கிறது. சிமென்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசிய பிறகு உதிர்வது நின்றது. ஐயா, உங்கள் கறை சுவர் நெடுகிலும் ஒரே மட்டமாக இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் உயர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் என்றால் தரையோதமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

மற்றொன்று பொதுச் சுவரைப் பற்றியது. சமையற்கட்டுப் பக்கம் இருந்த இன்னொரு கறைக்குப் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இடம்தான் காரணம் என்று நாங்களும், இல்லை என்று அவர்களும் நாலு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். அவர்களின் சம்மதத்துடன், துவைக்கும் இடத்தைப் பத்து நாள் காயவிட்டு ஒரு படமும், பிறகு இரண்டு நாள் வழக்கம்போலத் தண்ணீர் புழங்கவிட்டு ஒரு படமும், எங்கள் பக்கமிருந்து எடுத்தோம். இரண்டு படங்களையும் அந்த வீட்டு அண்ணன் தம் கையாலேயே ஒப்பிட்டுப் பார்த்தார். மறுவாரமே அவர்கள் செலவில் தரையைச் சரிசெய்தார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதை இன்றும் நன்றியுடன் நினைத்துக்கொள்கிறேன்.

தெப்பக்குளத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் என் தாயாரின் சார்பிலும் நன்றி.

முதலில் தொட்டியின் மட்டத்தைப் பார்த்தோம். ஒன்பது மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. குழாய்தான் என்று மனம் துணிந்துவிட்டது. ஆனால் மறுநாள் இரவு கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிகளின் வால்வுகளையும் மூடிவிட்டுப் பார்த்தபோது மட்டம் அசையவே இல்லை. மேல்தள ஃப்ளஷ் தொட்டி ஓசையின்றிக் கழிப்பறைக்குள்ளேயே ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. அது வேறொரு பழுது, சுவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே படித்திராவிட்டால் அந்த ஒரு சென்டிமீட்டரை வைத்துத் தவறான முடிவுக்கு வந்திருப்பேன்.

கறை ஓரிடத்தில் மட்டுமே உயர்ந்திருந்தது. குளியலறையில் வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் மிக்ஸருக்கு நேர் பின்புறம். ஏசியை முந்தைய நாளே நிறுத்திவிட்டு, வேறொரு கேமராக்காரரை விடியற்காலையில் வரவழைத்தோம். ஏசிக்குக் கீழே இருந்த பெரிய நீலத் திட்டு முழுவதுமாக மறைந்துவிட்டிருந்தது. கீழே இருந்த திட்டு மட்டும், பக்கத்துச் சுவரைவிட 1.8 டிகிரி குறைவாக, அப்படியே நின்றது. ஈரமானி மேல் பகுதியில் 12, கீழ்ப் பகுதியில் 30-க்கு மேல் காட்டியது. கூடத்தின் உலர்ந்த சுவரிலும் 12 என்பதால் மேல் பகுதியைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிட்டோம்.

பிரஷர் டெஸ்டில் குளிர்நீர் வரி இரண்டு மணி நேரமும் 4 கிலோவில் அசையாமல் நின்றது. வெந்நீர் வரி நாற்பது நிமிடத்தில் 3.1-க்கு இறங்கியது. மறுநாள் காலை வெந்நீரை ஓடவிட்டுப் படம் எடுத்தபோது, விளாங்குடி நண்பர் சொன்னதைப் போலவே ஒரு கோடு மேலேறி வந்து, மிக்ஸருக்கு அருகில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. அதைப் பார்க்க என் தாயாரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு டைல்ஸ் மட்டும் எடுத்தோம். உள்ளே, மரை உள்ள சிபிவிசி எல்போவில் (வெந்நீர்க் குழாய்க்கான பிளாஸ்டிக் வளைவில்) மயிரிழை போன்ற ஒரு விரிசல். மிக்ஸரைப் பொருத்தியபோது அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள் என்று பிளம்பர் காட்டினார். பித்தளை மரை பதித்த எல்போவாக மாற்றி, மீண்டும் 4 கிலோ ஏற்றி முள் நிற்பதைப் பார்த்த பிறகே காடியை மூடவிட்டேன். மேல்தளக் குளியலறையில் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். கீழே எந்த மாற்றமும் இல்லை. அங்கே ஒரு டைல்ஸையும் தொடவில்லை. நாலாம் நாள் அம்மா தம் குளியலறைக்குத் திரும்பிவிட்டார்.

இனி ஒரே ஒரு கேள்வி. சுவர் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. எப்போது பெயின்ட் அடிக்கலாம்?

ஓய்வுபெற்ற பொறியாளர், திருநகர்

மிக்க மகிழ்ச்சி ஐயா. அவசரப்பட வேண்டாம். ஊறிய செங்கல் உலர மாதக்கணக்கில் ஆகும். பொரிந்த காரையைச் செங்கல் தெரியும் வரை கொத்திவிட்டு, பூசாமல் திறந்தே விடுங்கள். மேலே பூக்கும் உப்பைத் தண்ணீர் தொடாமல் உலர்ந்த தூரிகையால் தட்டித் தட்டி எடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். சாக்குக்கட்டியால் குறித்த அதே புள்ளிகளில் வாரம் ஒருமுறை ஈரமானியை வைத்து எண்ணைத் தேதியுடன் எழுதி வாருங்கள். கூடத்துச் சுவரின் 12-க்கு அருகில் வந்து, நாலு வாரம் அங்கேயே நின்றால் பூசலாம். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் சன்னலைத் திறந்து வைத்தால் இன்னும் விரைவாக உலரும். உப்பு எஞ்சியிருந்தால் ஊசி சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்று வடக்கு மாசி வீதி அம்மா சொன்னதையும் கணக்கில் கொள்ளுங்கள். பூசுவதற்கு முன், அதே இடத்தை ஒருமுறை கேமராவில் பார்த்துவிடுவது நல்லது.